ஜோடி மெஷின் சசிரேகா

“அக்கா, போன ரெண்டு வாரமா மனசு எப்படி இருந்துச்சு?”

“ஓகே லா.”

“எதுலயும் ஈடுபாடு இல்லாம, சோர்வா இருந்துச்சா?”

“வேலைக்குப் போறவங்க எல்லாருக்கும் சோர்வு இருக்கும்தானே. ஓகே லா.”

“தூக்கம்?”

“படுத்தா தூங்கிருவேன்.”

“சாப்பாடு?”

“சமைச்சா சாப்பிட்டுத்தானே ஆகணும். சுவத்துக்கா ஊட்ட முடியும்?”

எலைனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த சசிரேகாவின் முகத்தில் சிரிப்புக்கான அறிகுறியே இல்லை. அடக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

“உங்கமேலயே உங்களுக்கு வெறுப்பு, நம்மால யாருக்கும் பிரயோசனம் இல்லங்கிற எண்ணம்... அந்த மாதிரி ஏதாவது?”

அறையின் மூலையில் நான்கு வயது மகள் யுவனேஸ்வரி ஒரு பிளாஸ்டிக் லோரியைக் கவிழ்த்துப் போட்டு அதன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சசிரேகா அவளையே பார்த்தாள்.

“இதெல்லாம் யாரு எழுதுனது, தங்கச்சி?”

“மலாய்ல இருந்துச்சுக்கா. நான்தான் தமிழ்ல மாத்தினேன்.”

“நல்லா இருக்கு. வானொலியில நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. எல்லாத்துக்கும் ஓகேன்னு போட்டுக்க. புள்ளைய எப்பப் பாப்பீங்க?”

எலைன் அப்படியே போட்டுக்கொண்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடமும் இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் படித்துவிட்டு, இரண்டு மொழியிலும் அளந்து அளந்து பேசுகிற பெண். அந்த இரண்டு மொழிக்காகத்தான் அவளை இந்த வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

மலைமேலுள்ள தானா ராத்தா கடைத்தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, கோலாலம்பூரிலிருந்து ஒரு பல்கலைக்கழகக் குழு ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. மனச்சோர்வில் இருக்கும் தாய், சொல்வது புரியாமல் பேச்சும் வராத பிள்ளை. இருவருக்கும் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தால் பிள்ளைக்குப் பேச்சு விரைவாக வருமா என்பதுதான் கேள்வி. வருகிற தாய்மாரிடம் எலைன் பேசுவாள். பிள்ளைகளைப் பரிசோதிப்பது ஹரிதாஸ் என்ற பேச்சுச் சிகிச்சையாளரின் வேலை. அவர் வாரத்தில் இரண்டு நாள் மலையேறி வருவார். ஆய்வில் சேர்ந்துவிட்டால் பிள்ளைக்கு ஒரு வருடம் இங்கேயே சிகிச்சை கிடைக்கும். சேராவிட்டால் ஈப்போவுக்கு இறங்க வேண்டும். காய்கறி லோரி ஓட்டும் கணவனையும் தோட்ட வேலையையும் வைத்துக்கொண்டு, வாந்தி வரவழைக்கும் அந்த வளைவுப் பாதையில் வாரம்தோறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்வர சசிரேகாவால் ஆகாது. இந்த மாடி அறையை விட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை.

அதைத் தெரிந்துகொண்டுதான் அவள் வந்திருந்தாள். தெரிந்துகொண்டே ‘ஓகே லா’ என்றாள். அதுதான் எலைனுக்குப் புரியவில்லை.

பிள்ளைக்குப் பரிசோதனை ஆரம்பமானது. யுவா தாயின் முகம் தெரியாவிட்டால் அழுதாள். அதனால் ஹரிதாஸ் வழக்கத்தை மாற்றி, தாயைப் பிள்ளைக்கு எதிரே உட்காரவைத்தார். எலைன் வீடியோ எடுத்தாள்.

“யுவா, பந்த எடுத்து டப்பாவுக்குள்ள போடுங்க.”

போட்டாள்.

“கரண்டிய நாற்காலிக்குக் கீழ வைங்க.”

வைத்தாள். வாயிலிருந்து ஒரு சொல்லும் இல்லை. ஆனால் சொன்னதெல்லாம் நடந்தது.

“நல்லா புரிஞ்சிக்கிறாங்க,” என்றார் ஹரிதாஸ். “பேச்சு மட்டும்தான் தாமதம். புரிதல் இவ்வளவு நல்லா இருந்தா, இந்த ஆய்வுக்கு எடுக்க முடியாதுக்கா. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்.”

“என் மாமியாரும் அதான் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரரும் லேட்டாத்தான் பேசுனாராம். இப்ப மட்டும் என்ன பேசிக் கிழிச்சாரு,” என்று சொல்லிவிட்டு சசிரேகா பிள்ளைக்குக் காலணி மாட்டினாள்.

ஆக, தாய்க்கும் குறை இல்லை, மகளுக்கும் குறை இல்லை என்று அன்றைக்கு இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

மாலையில் வீடியோவைச் சரிபார்க்கும்போதுதான் எலைன் ஒன்றைக் கவனித்தாள். சசிரேகாவின் முகம் அசையவே இல்லை. மடியில் கிடந்த வலது கை மட்டும் அசைந்தது. விரல்கள் கூடின, மணிக்கட்டு கவிழ்ந்தது, உள்ளங்கை தரையைப் பார்த்துத் தாழ்ந்தது. குளிருக்குக் கையைத் தேய்க்கிறாள் போலும் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

சசிரேகாவைப் பற்றி எலைன் முன்பே கேள்விப்பட்டிருந்தாள். தொழிலாளர் வீட்டு வரிசையான தோட்டத்து லயத்தில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். கம்போங் ராஜாவில் ஒரு ஸ்ட்ராபெரிக் கடையில் வேலை பார்த்தபோது மலாயிலும் சீனத்திலும் தமிழிலுமாகப் பேசிப் பேசியே சுற்றுலாக்காரர்கள் கையில் பொட்டலத்தைத் திணித்து அனுப்புவாளாம். கடை வாசலில் லோரியை நிறுத்திய கோலா தெர்லாக்காரன் குகனை அவள் திட்டிய திட்டில் தெருவே நின்று வேடிக்கை பார்த்ததாம். அடுத்த வாரமும் அவன் அதே இடத்தில் நிறுத்தினான். அதற்கடுத்த வாரமும் நிறுத்தினான். அப்படித்தான் கல்யாணம் ஆனது.

பிள்ளை பிறந்த பிறகு ரேடியோவின் சத்தம் குறைந்தது. எதுவும் நடந்துவிடவில்லை. யாரும் சாகவில்லை, குகன் குடிக்கவில்லை, அடிக்கவில்லை. காரணம் இருந்திருந்தால் சனங்கள் பரிதாபப்பட்டிருப்பார்கள். காரணம் இல்லாததால், ‘டவுன்ல இருந்துட்டு வந்த திமிரு’ என்றார்கள். பிறகு பிள்ளைக்கும் பேச்சு வரவில்லை என்று தெரிந்ததும் வேறு விதமாகச் சொன்னார்கள். ரேடியோவையே அணைச்சுட்டா, புள்ளைக்கு எங்கருந்து சத்தம் வரும்?

இரண்டு வாரம் கழித்து, ஹரிதாஸ் கொடுத்தனுப்பிய பொம்மைப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு எலைன் தோட்டத்துக்குப் போனாள். ஆய்வில் எடுக்காத பிள்ளைக்கு அதையாவது கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். சசிரேகா மலைச்சரிவில் வேலையில் இருந்தாள்.

கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் தூக்க வேண்டும். தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் வளைந்த கத்தி, பின்னால் ஊதிப் பருத்த கொழுந்துப் பை. பெரும்பாலும் ஆண்கள் தூக்குகிற மெஷின் அது. அந்தத் தோட்டத்தில் பெண் ஜோடி என்றால் சசிரேகாவும் மணியம்மாவும்தான். மணியம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மெஷின் போடும் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. இருவர் காதிலும் தடித்த காதுமூடி. பேச்செல்லாம் கையில்தான். உள்ளங்கையைத் தாழ்த்தினால் கத்தியை இறக்கு. விரல்களைக் கூட்டினால் பிடி. மணிக்கட்டைக் கவிழ்த்தால் பையைக் கொட்டு.

பாதை ஓரத்தில் நின்றிருந்த எலைனுக்கு மடியில் கிடந்த அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது.

அவள் ஹரிதாஸிடம் சொன்னபோது அவர் வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். “நான் பிள்ளைய மட்டும்தான் பாத்துக்கிட்டிருந்தேன். திரும்ப வரச் சொல்லுங்க.”

இரண்டாவது பரிசோதனையில் சசிரேகாவின் இரண்டு கைக்கும் வேலை கொடுத்தார்கள். ஒரு பெரிய குவளை நிறையச் சூடாக மைலோ.

“யுவா, பந்த எடுத்து டப்பாவுக்குள்ள போடுங்க.”

யுவா தாயின் கையைப் பார்த்தாள். கைகள் குவளையைச் சுற்றியிருந்தன. ஹரிதாஸ் இன்னொரு முறை நிதானமாகச் சொன்னார். யுவா பந்தைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், மறுபடி தாயின் கையைப் பார்த்தாள். எழுந்து போய் ஒவ்வொரு விரலாகக் குவளையிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.

சசிரேகா குவளையைக் கீழே வைத்தாள். மைலோ மேசையில் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை.

“இவளுக்கு நாம பேசுறது புரியலையா?” என்று கேட்டாள்.

“வார்த்தைகள் அவளுக்குக் கஷ்டமா இருக்குக்கா,” என்றார் ஹரிதாஸ். “இது மொழிக் குறைபாடு. இதுக்குச் சிகிச்சை இருக்கு. இப்ப ஆரம்பிச்சா நல்லது.”

“வீட்டுல எல்லாம் செய்வாளே. கதவ சாத்துன்னா சாத்துவா, தட்டு எடுன்னா எடுப்பா...” என்று சொல்லிக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்தினாள். காற்றில் கூடிக் கவிழ்ந்துகொண்டிருந்த தன் கையைப் பார்த்தாள். சாத்து, எடு. அந்தக் கை வீட்டில் செய்துகொண்டிருந்த வேலை அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

“வாயத் தொறக்கப் பிடிக்காம கையிலயே குடும்பம் நடத்தியிருக்கேன்,” என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. குகன் எடுத்தான். “அவ சொல்றா, அவளாலதான் புள்ள இப்படி ஆச்சாம். வரமாட்டாளாம். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல மிஸ்,” என்றான். பின்னணியில் லோரி உறுமிக்கொண்டிருந்தது.

ஹரிதாஸ் எலைனிடம் விளக்கினார். கை ஜாடையால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சு நின்றுபோகாது. தாய் குறைவாகப் பேசுவதால் மட்டும் இந்தக் குறைபாடு வந்துவிடாது. பிறவியிலேயே சில பிள்ளைகளுக்கு மொழி அப்படி. அவளுடைய கை இல்லாவிட்டால் யுவாவுக்கு இந்த வீடும் உலகமும் இந்த அளவுக்குக்கூடப் புரிந்திருக்காது. “இத அந்தக்கா நேர்ல கேக்கணும். என்னைவிட நீங்க சொன்னா கேப்பாங்க,” என்றார்.

ஊர் முழுக்கச் சொல்லிவைத்ததை ஒரு பேச்சில் எப்படி மாற்றுவது என்று எலைன் யோசித்துக்கொண்டே மறுநாள் காலையில், போன தடவை கொடுக்காமல் விட்ட புத்தகங்களோடு தோட்டத்துக்குப் போனாள். ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. பனி கலையவில்லை. சசிரேகா நின்றிருந்தாள். கண் உள்ளே போயிருந்தது. தலைத்துண்டு தாறுமாறாகக் கட்டியிருந்தது.

“சசி, ஒடம்பு எப்படி?” என்று கங்காணி கேட்டார்.

“ஓகே லா.”

அதே குரல், அதே வேகம். மாடி அறையில் எலைன் கேட்டது இதுதான்.

மணியம்மா பக்கத்தில் வந்து நின்று கிசுகிசுத்தாள். “நேத்து மெஷினப் புடிக்கவே முடியல இவளால. ஆனா சொல்லமாட்டா.”

“ஏன்கா?”

“ஜோடிடி. அவ முடியலன்னு சொன்னா மெஷின் நிக்கும். மெஷின் நின்னா எனக்கு என்ன வேல? புல்லு வெட்டப் போகணும். அதுல பாதிச் சம்பளம். அதனால இவளும் சொல்லமாட்டா, நானும் சொல்லமாட்டேன். போன வருசம் எனக்குக் காய்ச்சல். பொணம் மாதிரி நின்னேன். கங்காணி கேட்டதுக்கு, இப்பத்தான் குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்குன்னேன்.” மணியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இங்க யாரு வந்து எப்படி இருக்கேன்னு கேட்டாலும் அதான் பதிலு. வாய் பழகிப்போச்சு.”

பத்து மணி வாக்கில் மெஷின் நின்றது. சசிரேகா காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாதை ஓரக் கல்லில் உட்கார்ந்தாள். எலைனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள்.

“புக்கு வேணாம் தங்கச்சி. எடுத்துட்டுப் போ.”

எலைன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹரிதாஸ் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னாள். கையால் பேச்சு நிற்காது என்பதையும், அந்தக் கைதான் யுவாவுக்கு இதுவரை துணை என்பதையும். கையை நிறுத்த வேண்டாம், கையோடு கூட வார்த்தையையும் போட்டால் போதும், சிகிச்சையே அதுதான் என்பதையும். சசிரேகா கேட்டாளா என்று தெரியவில்லை. ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திருகி மூடினாள், திறந்தாள்.

“வார்த்த போடணும்னா வாயில இருக்கணுமே,” என்றாள் கடைசியில். “உனக்குத் தெரியுமா? ஏன் இந்த மெஷினுக்கு வந்தேன்னு எல்லாரும் கேட்டாங்க. ஆம்பள வேல, இடுப்பு போயிரும்னாங்க. இது ஓடுனா யாரும் என்கிட்டப் பேசமாட்டாங்க, அதுக்குத்தான் வந்தேன்.”

எலைன் கீழே நின்றிருந்த மெஷினைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், “அக்கா, எங்க ரூம்ல ஜோடி இல்ல.”

“என்ன?”

“அங்க நீங்க முடியலன்னு சொன்னா யாருக்கும் வேல போகாது. யுவாவோட சிகிச்சையும் நின்னுபோகாது. உங்களுக்கு மட்டும்தான் அந்தக் கேள்வி.”

சசிரேகா சரிவைப் பார்த்தாள். கீழே மணியம்மா பையைக் கவிழ்த்துக் கொழுந்தைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்பக் கேளு,” என்றாள்.

“இங்கயா?”

“நீ எழுதிக் கொண்டு வந்தத வாசிக்காத. சும்மாக் கேளு.”

“மனசு எப்படிக்கா இருக்கு?”

“முடியல,” என்றாள் சசிரேகா. “ரொம்ப நாளா முடியல.” காலையில் எழுந்ததும் அன்றைய நாளை நினைத்தாலே மூச்சு அடைப்பதையும், பிள்ளை சிரித்தால் அது வேறு யாருக்கோ நடப்பது போல இருப்பதையும், தானில்லாவிட்டால் குகனும் பிள்ளையும் நன்றாக இருப்பார்கள் என்று சில நாள் தோன்றுவதையும் ஒரே மூச்சில் சொன்னாள். பழைய ரேடியோவின் வேகம் அதில் இருந்தது. சொல்லி முடித்ததும், “கங்காணிகிட்டச் சொல்லிடாத,” என்றாள்.

அந்த வாரமே தாயும் மகளும் ஆய்வில் சேர்ந்தார்கள். எந்தத் தாய்க்குச் சிகிச்சை உடனே, யாருக்குச் சில மாதம் கழித்து என்பதைக் கணினிதான் குலுக்கிப்போடும். யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. சசிரேகாவுக்குச் சில மாதம் கழித்துத்தான் என்று வந்தது.

“கம்ப்யூட்டர்தான் இங்க கங்காணியா?” என்று கேட்டாள்.

ஆனால் எலைன் அன்றைக்குப் பாதை ஓரத்தில் கேட்டதை அன்றே தலைமை மருத்துவரிடம் சொல்லியிருந்தாள். உயிரை வெறுக்கிற அளவுக்குப் போனவர்களைக் காக்கவைக்கக் கூடாது என்பது ஆய்வின் விதி. குலுக்கல் எப்படி விழுந்தாலும் சரி. மறுநாளே சசிரேகா தானா ராத்தா மருத்துவமனையில் டாக்டரைப் பார்த்தாள். மாத்திரை கொடுத்தார்கள். ஒரு தாதி வாரம்தோறும் உட்கார்ந்து அவளோடு பேசினார். ஆய்வின் கணக்கில், உடனே, பிறகு என்ற இரண்டு பட்டியலிலும் அவள் அடங்காத ஆளாகிவிட்டாள் என்று குழுவில் பேசிக்கொண்டார்கள். கணக்குக்காக யாரும் அவளைக் காக்கவைக்கவில்லை.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை வாயைக் காயவைக்கிறது என்று திட்டினாள். இரண்டு முறை பாதியில் விட்டாள். குகன் லோரியிலிருந்து போன் போட்டு ஞாபகப்படுத்தினான். வீட்டில், ஹரிதாஸ் காட்டிய மாதிரி, கையைக் காட்டும்போது வார்த்தையையும் சொன்னாள். தட்டு. தட்டு எடு. அம்மாவுக்குத் தட்டு எடு. ஆரம்பத்தில் அதுவே அவளுக்கு மூட்டை தூக்குகிற மாதிரி இருந்ததாம். மணியம்மாவும் சேர்ந்துகொண்டாள். லயத்துக்கு வந்து, மெஷின் ஜாடை ஒவ்வொன்றையும் பிள்ளைக்கு முன்னால் உரக்கச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். “எறக்கு! புடி! கொட்டு!” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு காலையில் குகன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு, யுவா வாசலில் நின்று, “அப்பா லோரி போச்சு,” என்றாள். அதற்கு முன்பு அவள் ஒற்றைச் சொல்லாகச் சில சொல்லியிருக்கிறாள். மூன்றைச் சேர்த்தது அதுதான் முதல் தடவை. கை அசையவில்லை என்று சசிரேகா அழுத்திச் சொன்னாள். அவளுடைய கையும் அசையவில்லை, பிள்ளையின் கையும் அசையவில்லை.

யுவா இன்னும் வயதுக்குப் பின்தங்கித்தான் இருக்கிறாள். பள்ளிக்குப் போன பிறகும் உதவி வேண்டியிருக்கும் என்று ஹரிதாஸ் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சசிரேகாவும் எல்லா நாளும் ரேடியோ இல்லை. சில வாரம் சத்தம் மறுபடி இறங்கும். ஆனால் இப்போது அதைச் சொல்கிறாள். ஒருநாள் பெரட்டில் கங்காணியிடமே, “இன்னைக்கு முடியாது கங்காணி,” என்று சொல்லியிருக்கிறாள். மணியம்மா புல்லு வெட்டப் போனாள். சாயங்காலம் வந்து, “எனக்கும் ஒரு நாள் இடுப்புக்கு லீவு,” என்றாளாம். இப்போதெல்லாம் இருவரும் முறை வைத்துச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆய்வில் யுவாவுக்கான ஒரு வருடம் முடிகிற சமயத்தில் சசிரேகா மாடி அறைக்கு வந்தாள். கோலா தெர்லாவிலிருந்து ஒரு தாய் புதிதாக வந்து, மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். எலைன் கேள்விகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். சசிரேகா அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எலைனைக் கதவோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

“தங்கச்சி, எனக்கு ஒண்ணு பண்ணு. நீ அந்த நியூஸ் வாசிக்கிறதுக்கு முன்னாடி, இங்க ஜோடி இல்லன்னு அவகிட்ட மொதல்ல சொல்லிடு. உன் மாதிரி முணுமுணுக்காத. சத்தமாச் சொல்லு.”